உங்கள் கடையின் இணைய தளத்தில் மேப் அமைக்க

கடைக்கென ஓர் இணைய தளம் அமைத்துவிட்டீர்கள். பொருட்களின் படங்கள், விலை, போன் எண் எல்லாம் தந்தாயிற்று. கடைசியாகத் "தொடர்பு கொள்ள" என்று ஒரு பக்கம். அதில் முகவரியை நான்கு வரிகளில் டைப் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று கம்ப்யூட்டரை மூடிவிடுகிறோம். வெளியூரிலிருந்து முதன்முறையாக வருபவருக்கு அந்த நான்கு வரிகள் போதுமா?

மதுரையை எடுத்துக் கொள்வோம். மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள், அவற்றைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அடுத்து மாசி வீதிகள், அதற்கும் வெளியே வெளி வீதிகள். ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என நான்கு. ஊர்க்காரர்களுக்கு இதைவிட எளிதான அமைப்பு கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து வருபவருக்கோ மேல ஆவணி மூல வீதியும் மேல மாசி வீதியும் ஒன்று போலத்தான் தெரியும். மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் உங்கள் சுங்குடிச் சேலைக் கடை இருப்பதாக வைத்துக் கொள்வோம். இணைய தளத்தில் சேலையைப் பார்த்து, பிடித்துப் போய், குடும்பத்துடன் கிளம்பி வந்தவர் இரண்டு இடங்களில் வழி கேட்பார். மூன்றாவது இடத்தில் அவர் கண்ணெதிரே இன்னொரு சுங்குடிக் கடை இருக்கும். பிறகு எதற்கு உங்கள் கடையைத் தேட வேண்டும்?

பின்கோடு இருக்கிறதே என்று நினைக்கலாம். 1972 ஆகஸ்ட் 15ல் அறிமுகமான இந்த ஆறு இலக்க எண், கடிதம் எந்த அஞ்சலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வதற்காக வந்தது. வாசற்படியைக் காட்ட அல்ல. வாசற்படியைக் காட்ட வேண்டும் என்றால் மேப் தேவை. அதுவும் ஸ்கேன் செய்து ஒட்டிய படமாக இல்லாமல், பார்ப்பவர் மவுஸால் இழுத்துப் பார்க்கவும், பெரிதாக்கவும், தான் இருக்கும் இடத்திலிருந்து வழி கேட்கவும் கூடிய மேப். இதை அமைக்கப் புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. பணமும் தேவையில்லை. கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

மேப் எப்படி நகர்கிறது?

2005க்கு முன்பும் இணையத்தில் மேப் தளங்கள் இருந்தன. ஓரத்தில் உள்ள அம்புக்குறியைக் கிளிக் செய்தால் பக்கம் முழுவதும் மீண்டும் இறங்கி, சற்றுத் தள்ளிய இடம் தெரியும். டயல் அப் இணைப்பில் இதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். 2005 பிப்ரவரி 8ல் கூகுள் மேப்ஸ் அறிமுகமானபோது மவுஸால் மேப்பை அப்படியே இழுக்க முடிந்தது பலரையும் வியக்க வைத்தது.

இதன் பின்னே உள்ள உத்தி எளிமையானது. உலகம் முழுவதையும் ஒரே சதுரப் படமாக எண்ணிக் கொள்ளுங்கள். அடுத்த நிலையில் அது நான்கு சதுரங்களாகிறது. அதற்கடுத்து ஒவ்வொன்றும் மீண்டும் நான்கு. ஒவ்வொரு சதுரமும் நீள அகலத்தில் 256 பிக்ஸல் கொண்ட சிறு படம். இதனை டைல் என்பார்கள். தரையில் பதிக்கும் டைல்ஸ் போலத்தான். ஒரு தெருவும் அதில் உள்ள கட்டடங்களும் தெளிவாகத் தெரியும் 18ஆவது நிலைக்கு வரும்போது, உலகை மூட 6,871 கோடிக்கும் மேற்பட்ட டைல்கள் வேண்டும். ஆனால் உங்கள் திரையில் தெரியும் பகுதிக்குத் தேவையான சிலவற்றை மட்டுமே பிரவுசர் கேட்டு வாங்கி அடுக்குகிறது. நீங்கள் இழுக்கும்போது ஓரத்தில் புதிய டைல்கள் வந்து சேர்கின்றன. இப்போது சில தளங்கள் படத்திற்குப் பதிலாகக் கோடுகளின் விவரங்களை அனுப்பிப் பிரவுசரையே வரையச் செய்கின்றன. துண்டு துண்டாக அனுப்பும் முறை மட்டும் மாறவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேப் உங்கள் தளத்தில் இருப்பது போலத் தெரிந்தாலும் அது உங்கள் சர்வரில் இல்லை. உங்கள் பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்து வைக்கிறீர்கள். அதன் வழியே வேறொருவரின் மேப் தெரிகிறது. அந்த வேறொருவர் கடையை மூடினால் உங்கள் ஜன்னலிலும் ஒன்றும் தெரியாது. ஒரு காலத்தில் பலரும் பயன்படுத்திய யாஹூ மேப்ஸ் 2015ல் நிறுத்தப்பட்டதை இங்கு நினைவில் கொள்ளலாம்.

அமைக்கும் வழி

கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து கூகுள் மேப்ஸ் தளம் செல்லவும். மொபைல் அப்ளிகேஷனில் இந்த வசதி கிடைக்காது என்பதால் கம்ப்யூட்டரையே பயன்படுத்தவும். மேலே உள்ள தேடல் கட்டத்தில் உங்கள் கடையின் பெயரை டைப் செய்து என்டர் தட்டவும். இடது பக்கம் கடையின் விவரங்கள் கிடைக்கும். அங்குள்ள ஷேர் என்பதில் கிளிக் செய்திடவும். சிறிய விண்டோ ஒன்று திறக்கும். அதில் இரண்டு டேப்கள் இருக்கும். முதலாவது, லிங்க் அனுப்புவதற்கு. இரண்டாவதாக உள்ள "எம்பெட் எ மேப்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். மேப் எப்படித் தெரியும் என்று காட்டப்படும். அருகில் "காப்பி எச்.டி.எம்.எல்." என்று இருப்பதைக் கிளிக் செய்தால் ஐபிரேம் என்று தொடங்கும் சில வரிகள் காப்பி ஆகிவிடும். ஜன்னல் என்று மேலே சொன்னது இதைத்தான்.

மேப்பில் தெருப் பெயர்கள் தமிழில் வர வேண்டும் என விரும்பினால், காப்பி செய்வதற்கு முன்பாகவே கூகுள் மேப்ஸ் மெனுவில் மொழியைத் தமிழாக மாற்றிக் கொள்ளுங்கள்.

இனி இந்த வரிகளை உங்கள் பக்கத்தில் சரியான இடத்தில் ஒட்ட வேண்டும். பக்கத்தை நோட்பேடில் எழுதியிருந்தால், முகவரி முடியும் இடத்திற்குக் கீழே கர்சரை வைத்துப் பேஸ்ட் செய்து, சேவ் செய்து, சர்வருக்கு அனுப்பவும். வேர்ட்பிரஸ் பயன்படுத்துபவர்கள் கஸ்டம் எச்.டி.எம்.எல். என்னும் பிளாக்கைச் சேர்த்து அதற்குள் ஒட்ட வேண்டும். சாதாரணப் பத்தியில் ஒட்டினால் மேப்பிற்குப் பதிலாக அந்த வரிகளே எழுத்தாகத் தெரியும். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சில இலவசத் தளச் சேவைகள் பாதுகாப்புக் கருதி ஐபிரேம் வரிகளை நீக்கிவிடுவதும் உண்டு. அப்படியானால் முதல் டேப்பில் உள்ள லிங்க்கைக் காப்பி செய்து, "மேப்பில் பார்க்க" என்ற சொற்களுக்கு இணைத்துவிடுங்கள். அழகு சற்றுக் குறையும், பயன் குறையாது.

ஒட்டிய வரிகளில் அகலம் 600, உயரம் 450 என்று எண்கள் இருக்கும். மொபைல் போனின் திரையில் 600 பிக்ஸல் அகலம் வெளியே வழியும். எனவே அகலத்தில் 600 என்பதை நீக்கிவிட்டு 100 சதவீதம் என்று, சதவீதக் குறியுடன் தரவும். திரை எவ்வளவு பெரியதோ அதற்கேற்ப மேப் தன்னை அமைத்துக் கொள்ளும். உயரத்தை 300 அல்லது 350 ஆகக் குறைப்பது நல்லது. போனில் பக்கம் முழுவதையும் மேப்பே அடைத்துக் கொண்டால் அதன் கீழே உள்ள போன் எண்ணை யார் பார்ப்பார்கள்?

குறி விழும் இடம்

என்னைக் கேட்டால், மேற்கண்ட வேலையெல்லாம் பத்து நிமிடம். உண்மையில் நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். மேப்பில் உள்ள சிவப்புக் குறி எங்கே நிற்கிறது?

பலரும் குறி தங்கள் கட்டடத்தின் மேல் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் வழி காட்டும் மென்பொருள், குறிக்கு மிக அருகில் எந்தச் சாலை ஓடுகிறதோ அந்தச் சாலைக்குத்தான் ஒருவரைக் கொண்டு சேர்க்கும். பழைய நகரங்களில் கடைகள் நீளமாக இருக்கும். வாசல் ஒரு தெருவில், பின்சுவர் அடுத்த தெருவில். குறி கட்டடத்தின் பின்பகுதியில் விழுந்திருந்தால், போனில் "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்ற குரல் கேட்கும்போது வாடிக்கையாளர் உங்கள் பின்சுவரைப் பார்த்துக் கொண்டு நிற்பார். அங்கிருந்து சுற்றி வருவதற்குள் அலுத்துப் போய்விடும். ஆகவே குறியைக் கட்டடத்தின் நடுவில் வைக்காமல், வாசலை ஒட்டித் தெருப் பக்கமாக வைக்க வேண்டும். காம்ப்ளெக்ஸ் ஒன்றில் மாடியில் கடை இருந்தால், மாடிப்படி தொடங்கும் இடமே சரி.

துல்லியத்தைச் சோதிக்க ஒரு வழி. மேப்பில் உங்கள் வாசல் இருக்கும் இடத்தில் ரைட் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவின் முதல் வரியில் இரண்டு எண்கள் இருக்கும். மீனாட்சி அம்மன் கோவில் என்றால் ஏறத்தாழ 9.9195, 78.1193. முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் என்றால் 111 மீட்டர். அதாவது அடுத்த தெரு. நான்கு இலக்கம் என்றால் 11 மீட்டர், பக்கத்துக் கடை. ஐந்து இலக்கம் தந்தால் ஒரு மீட்டர் அளவில் வந்துவிடும். எனவே எண்களைக் குறிக்கும்போது ஐந்து இலக்கமாவது எழுதுங்கள். வரிசையையும் மாற்றிவிடாதீர்கள். சில புரோகிராம்கள் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். மதுரையின் எண்களை இடம் மாற்றித் தந்தால் குறி ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே போய் விழும். சேலை வாங்க யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள்.

அந்த எண்களைக் கிளிக் செய்தால் அவை காப்பி ஆகும். கடை இன்னும் கூகுளில் பதிவாகவில்லை என்றால், இந்த எண்களைத் தேடல் கட்டத்தில் ஒட்டி என்டர் தட்டி, மேலே சொன்னபடி ஷேர் வழியாகவே மேப்பை எடுத்துக் கொள்ளலாம். ஆனால் கடையின் பெயர் அதில் வராது. பெயருடன் வர வேண்டும் என்றால் கூகுள் பிசினஸ் புரொபைல் என்ற பிரிவில் கடையைப் பதிவு செய்திட வேண்டும். இது இலவசம். கடை உங்களுடையதுதான் என்பதை உறுதி செய்ய, பெயர்ப் பலகையும் தெருவும் உள்பகுதியும் தெரியும்படி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். பதிவானதும் குறியை நீங்களே வாசலுக்கு நகர்த்த முடியும். திருத்தம் உடனே தெரியவில்லை என்றால் சில நாட்கள் காத்திருக்கவும். இடையில் யாராவது போன் செய்து, "கூகுளிலிருந்து பேசுகிறோம், மேப்பில் உங்கள் கடை தொடர்ந்து தெரிய இவ்வளவு பணம் கட்ட வேண்டும்" என்றால் போனை வைத்துவிடுங்கள். இந்தப் பதிவிற்குக் கூகுள் பணம் வாங்குவதில்லை.

அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்ற முறையை வெளியிட்டது. இந்தியாவை ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து கொண்ட குறியீடு தரப்படுகிறது. பின்கோடு செய்யாத வேலையை இது செய்யும். முகவரியின் கடைசி வரியில் இதனையும் சேர்த்து வைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

கீ கேட்டால் யோசியுங்கள்

மேலே சொன்ன முறையில் கணக்கு, கிரெடிட் கார்டு எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் தளம் அமைத்துத் தருபவர் சிலர், "ஏபிஐ கீ வாங்குங்கள், கார்டு எண்ணைத் தாருங்கள்" என்று கேட்கலாம். கூகுள் 2005 ஜூனில் தன் மேப்பைப் பிற தளங்கள் புரோகிராம் எழுதிப் பயன்படுத்த அனுமதித்தது. அதற்கு முன்பே பால் ரேட்மேக்கர் என்பவர், கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தில் வந்த வாடகை வீட்டு விளம்பரங்களைக் கூகுள் மேப்பின் மேல் பொருத்திக் காட்டியிருந்தார். அத்தகைய வேலைகளுக்குத்தான் கீ தேவை. நூற்றுக்கணக்கான இடங்களைக் காட்டி, தேடித் தந்து, தூரம் கணக்கிடும் தளங்களுக்கு அது சரி. ஒரு கடைக்கு ஒரு குறி போதும்.

தொடக்கத்தில் பல தளங்கள் இந்த வசதியைச் செலவின்றிப் பயன்படுத்தின. 2018ல் கூகுள் விதிகளை மாற்றி, கீயும் பணம் செலுத்தும் கணக்கும் கட்டாயம் என்றது. அதைக் கவனிக்காத பல சிறு தளங்களில் மேப் கருத்துப் போய், குறுக்கே எச்சரிக்கை வாசகம் தோன்றத் தொடங்கியது. மாதம் 200 டாலர் வரை தரப்பட்டு வந்த சலுகையும் 2025 மார்ச்சில் மாறி, ஒவ்வொரு சேவைக்கும் மாதம் இத்தனை முறை இலவசம் என்ற கணக்கு வந்தது. எளிய ஐபிரேம் முறைக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஏதோ காரணத்தால் கீ வாங்கியே தீர வேண்டும் என்றால் இரண்டு காரியங்களைச் செய்திடுங்கள். கீ உங்கள் பக்கத்தின் சோர்ஸ் வரிகளில் எல்லோருக்கும் தெரியும்படிதான் இருக்கும். கண்ட்ரோல் மற்றும் யூ கீகளை அழுத்தினால் யாரும் பார்க்கலாம். எனவே அது உங்கள் தள முகவரியிலிருந்து மட்டும் செயல்படுமாறு கட்டுப்பாடு அமைக்கவும். அடுத்து, ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் என்று கோட்டா அளவையும் குறைத்து வைக்கவும். பட்ஜெட் அலெர்ட் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அது பணம் செலவாகிறது என்று மெயில் அனுப்பும், செலவை நிறுத்தாது.

கூகுள் இல்லாமல்

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 2004ல் தொடங்கியது. விக்கிப்பீடியாவைப் போல, யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கி மேப்பைத் திருத்தலாம். அந்தத் தளத்தில் உங்கள் தெருவைக் கண்டறிந்து, எடிட் கிளிக் செய்து, வாசலில் ஒரு புள்ளி வைத்து, கடையின் பெயரையும் வகையையும் தந்து சேவ் செய்திடலாம். தமிழ்ப் பெயரைத் தனியே தரவும் இடம் உண்டு. உங்கள் சந்தே அதில் இல்லை என்றால் அதையும் வரையலாம். பக்கத்துக் கடைக்காரர்களும் பயன் பெறுவார்கள். பிறகு வலது பக்கம் உள்ள ஷேர் ஐகானைக் கிளிக் செய்து, குறியைச் சேர்க்கும் கட்டத்தில் டிக் அடித்து, எச்.டி.எம்.எல். என்பதைத் தேர்ந்தெடுத்தால் இங்கும் ஐபிரேம் வரிகள் கிடைக்கும். மேப்பின் கீழே பங்களிப்பாளர்களுக்கு நன்றி கூறும் சிறு வரி இருக்கும். அதை நீக்கக் கூடாது; அதுதான் நீங்கள் தரும் விலை. வழி காட்டுவதில் வாடிக்கையாளர்களுக்குப் பழகிப் போனது கூகுள்தான் என்பதால், இந்த மேப்பை வைத்தாலும் கீழே கூகுள் மேப்ஸ் லிங்க் ஒன்றையும் தருவது புத்திசாலித்தனம்.

இரண்டு மூன்று கிளைகள் உள்ளவர்களுக்குக் கூகுளின் மை மேப்ஸ் ஏற்றது. புதிய மேப் ஒன்றைத் தொடங்கி ஒவ்வொரு கிளைக்கும் ஒரு குறி வைத்து, எவரும் பார்க்கலாம் என்று அனுமதி தந்து, "எம்பெட் ஆன் மை சைட்" மூலம் வரிகளைப் பெறலாம். கிளைகள் பல மாநிலங்களில் இருந்து, இந்தியா முழுவதையும் காட்டும் மேப் வைப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. சர்வே ஆப் இந்தியா வெளியிடும் எல்லைக்கு மாறாக நாட்டின் எல்லையைக் காட்டும் மேப்பை வெளியிடுவது, 1961ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுத் தளங்களின் மேப்பில் காஷ்மீர்ப் பகுதியின் கோடுகள் மாறியிருக்கலாம். தெரு அளவில் பெரிதாக்கிய மேப்பில் இந்தச் சிக்கல் எழாது.

மேப்பிற்குக் கீழே

மேப் வந்துவிட்டது என்று எழுத்து முகவரியை எடுத்துவிடாதீர்கள். இணைப்பு மெதுவாக இருக்கும் இடத்தில் மேப் இறங்காமல் சாம்பல் நிறக் கட்டமாக நிற்கும். கண் பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரை வாசிப்பு மென்பொருளும் மேப்பில் உள்ள குறியைப் படித்துச் சொல்லாது; எழுத்தில் இருந்தால்தான் படிக்கும். முகவரியைப் படமாக வைப்பதும் அதே காரணத்தால் கூடாது.

மேப்பால் சொல்ல முடியாதவற்றையும் இரண்டு வரிகளில் எழுதுங்கள். மதுரையில் கோவிலை ஒட்டிய சித்திரை வீதிகளுக்குள் வாகனத்தில் செல்ல முடியாது. காரை எங்கே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், எந்த நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும், சந்தின் முனையில் அடையாளமாக என்ன இருக்கிறது, வார விடுமுறை என்று என்பதெல்லாம் வருபவருக்கு உதவும். அடையாளமாகத் தேநீர்க் கடையைச் சொல்வதைவிடக் கோவில், பள்ளி, தபால் நிலையம் போன்றவற்றைச் சொல்வது நல்லது. அவை அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும்.

எல்லாம் முடிந்தபின் உங்கள் கம்ப்யூட்டரில் பார்த்துத் திருப்திப்படாமல், அந்தப் பகுதிக்கு அதிகம் வராத உறவினர் ஒருவரிடம் தள முகவரியை மட்டும் கொடுத்து, ரயில் நிலையத்திலிருந்து போனைப் பார்த்துக் கடைக்கு வரச் சொல்லுங்கள். வழியில் அவர் உங்களுக்குப் போன் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. அவர் எந்த இடத்தில் தயங்கி நின்றார் என்று கேட்டு, அந்த இடத்தைப் பற்றி மேப்பின் கீழே ஒரு வரி சேர்க்கவும். பின்னாளில் கடையை வேறிடத்திற்கு மாற்றினால், பிசினஸ் புரொபைலில் உள்ள முகவரி, தளத்தில் ஒட்டிய ஐபிரேம் வரிகள், எழுத்து முகவரி ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டும். பழைய இடத்தில் குறி அப்படியே நின்றால், அங்கு புதிதாக வந்த கடைக்காரருக்கு உங்கள் வாடிக்கையாளர்களை நீங்களே அனுப்பி வைத்துக் கொண்டிருப்பீர்கள்.